பேச்சியம்மாள் எதற்குப் பயந்தாள்

மதியம் சாப்பிடும்போது உங்களில் ஒருவர் சலித்துக்கொண்டது என் காதில் விழுந்தது. "பவுடர் போடாதீங்க, மார்ல எதையும் பூசாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னாலும் பூசிக்கிட்டுத்தான் வந்து நிக்கிறாங்க. எடுத்த படத்தையே மறுபடி எடுக்க வேண்டியிருக்கு." உங்கள் சலிப்பு எனக்குப் புரிகிறது. மார்பகப் படமெடுக்கும் உங்கள் வண்டிக்கு வெளியே வரிசை நிற்கிறது, வெயில் ஏறுகிறது, உள்ளே ஒரு பெண் அக்குளில் பவுடரோடு நிற்கிறாள். எனக்கும் எரிச்சல் வந்திருக்கிறது.

ஆனால் அதைக் கேட்டதும் உங்களிடம் பேச வேண்டுமென்று யோசித்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டேன். மெஷினைப் பற்றி என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் பேச்சியம்மாளைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். என் சொந்த ஊர் மீனாட்சிபுரத்துக்கு அருகே. மாடும் கடலைக்காடுமாக வளர்ந்தவள். மலைக்கு வந்த புதிதில் நான் வாயைத் திறந்தாலே லயத்துப் பெண்கள், தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தவர்கள், சிரிப்பார்கள். அவர்களெல்லாம் திருநெல்வேலிப் பக்கமிருந்து பாட்டன் காலத்தில் மலையேறி வந்த குடும்பங்கள். நான் ஒவ்வொரு வார்த்தைக்கும் 'ங்க' போடுவது அவர்களுக்கு வேடிக்கை.

எங்கள் ஆஸ்பத்திரியில் சில கட்டில்கள், ஒரு பிரசவ மேசை, மருந்து கொடுக்கும் ஜன்னல், கோட்டயம் பக்கத்து டாக்டர் ஒருவர். அவ்வளவுதான். கை உடைந்தால்கூட எக்ஸ்ரே எடுக்க ஜீப் பிடித்து மலையிறங்க வேண்டும். மார்பகத்தைப் படமெடுத்துப் பார்க்கிறார்கள் என்பது எனக்குப் படிக்கும்போது காதில் விழுந்த ஒரு வரி. என் கண்ணால் அப்படி ஒரு படத்தைப் பார்த்ததில்லை.

முதலில் அன்னக்கிளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேச்சியம்மாள் இருந்த லயத்தில் நாலு கதவு தள்ளிக் குடியிருந்தவள். கொழுந்து கிள்ளப் போய்க்கொண்டிருந்தவள் திடீரென்று வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். காய்ச்சல் என்று புருஷன் சொன்னான். மாதக்கணக்கில் காய்ச்சல். டாக்டரும் நானும் வீடு தேடிப் போனபோது கதவுக்கு வெளியிலேயே நாற்றம் அடித்தது. உள்ளே கந்தைத் துணியை மார்பில் சுற்றிக்கொண்டு அவள் படுத்திருந்தாள். துணியை விலக்கியபோது நான் பார்த்ததை இங்கே விவரிக்க மாட்டேன். செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வலிக்கு மருந்தும், புண்ணுக்குக் கட்டும்தான் கொடுக்க முடிந்தது. கடைசி நாட்களில் அந்த லயத்தில் யாரும் அந்தப் பக்கம் நடக்கவில்லை. குழந்தைகளை வேறு வீடுகளில் படுக்க வைத்தார்கள். அவள் வீட்டு வாளி வைத்த குழாயில் தண்ணீர் பிடிக்கவே பெண்கள் தயங்கினார்கள். கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவள் ஒருத்திதான். அது பேச்சியம்மாள்.

அன்னக்கிளி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் இருக்கும். ஒரு காலைப்பொழுது பேச்சியம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நாற்பது வயதை ஒட்டியவள். கல்யாணத்துக்கு நிற்கும் ஒரே மகள். புருஷன் சுடலைமுத்து தேயிலை ஃபேக்டரியில் அடுப்புப் பக்கம் வேலை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள் என்பதால் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"தோள்பட்டை வலி சிஸ்டரம்மா. தேய்க்கதுக்கு ஏதாவது மருந்து தாங்க."

தைலத்தை எடுத்துக்கொண்டு, கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கவில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். வலிக்கிற தோளைக் காப்பாற்றுகிறவர்கள் தோளைத்தான் பிடித்துக்கொள்வார்கள். இவள் கை தோளுக்குப் போகவே இல்லை. சேலைத் தலைப்பை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தது.

தைலத்தை மூடி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"அக்கா, தோள்பட்டைக்கு வரலீங்கல்ல நீங்க?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு குரலே வராமல் சொன்னாள். "எனக்கு ஒட்டிக்கிருச்சு சிஸ்டரம்மா. அவ கிட்ட இருந்து ஒட்டிக்கிருச்சு."

நான் தொட்டுப் பார்த்தேன். இடது மார்பில், அக்குள் பக்கமாக, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. கல் மாதிரி இருந்தது. விரலுக்கு நகரவில்லை. எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. அன்னக்கிளியின் கந்தைத் துணி கண்முன் வந்து நின்றது. என் முகம் மாறிவிடக் கூடாதே என்று சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"இது ஒட்டற நோவு இல்லீங்க்கா. ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு வராது. அதுவும் போக, மார்ல வர்ற எல்லாக் கட்டியும் அந்தக் கட்டி இல்லீங்க. முக்கால்வாசி சும்மா கொழுப்புக் கட்டி, நீர்க்கட்டிதானுங்க. டாக்டர் ஒருக்காப் பார்க்கட்டும்."

"ஆம்பள டாக்டரா? அதுக்கு நான் கொக்கைப் பள்ளத்துல குதிப்பேன். யாருட்டயும் சொல்லாதீங்க. அவருட்டயும் சொல்லாதீங்க. எம்மவளுக்கு மாப்பிள பாத்துக்கிட்டு இருக்கு. லயத்துல தெரிஞ்சா அவள எவன் கெட்டுவான்?"

அவர் என்றது புருஷனை.

டாக்டர் நல்ல மனிதர். நான் போய்ச் சொன்னதும், "அந்தம்மா சம்மதிச்சா மட்டும் நான் நோக்காம். நீ கூட நிக்கணும்" என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். அவளை ஒப்புக்கொள்ள வைக்க ஒரு வாரத்துக்கு மேல் பிடித்தது. தினமும் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய்ச் சும்மா அவள் பக்கத்தில் நின்றுவிட்டு வருவேன். ஒன்றும் கேட்க மாட்டேன். கடைசியில் அவளே வந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி உண்டு, அங்கே பெண் சர்ஜன் இருக்கிறார், மார்பைப் படமெடுக்கவும் வசதி செய்து வைத்திருக்கிறார்கள், தாமதிக்காமல் கூட்டிக்கொண்டு போ என்றார்.

புருஷனிடம் சொல்லாமல் மதுரைக்குப் போக முடியுமா? அவளையே சொல்ல வைத்தேன். என் அறையில், என் முன்னால் வைத்துச் சொன்னாள். சுடலைமுத்து தரையைப் பார்த்தபடி நின்றார். ஃபேக்டரிச் சூட்டில் கறுத்த ஆள். அவர் கத்தப்போகிறார் என்று நான் நினைத்தேன்.

"இவ துணிமணிய தனியாத் துவைக்கணுமா சிஸ்டரம்மா?"

"வேண்டாமுங்க. எல்லாத்தையும் ஒரே வாளியில போட்டுத் துவைங்க."

அதைக் கேட்டதும் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுதார். "அன்னக்கிளி புருஷன அன்னைக்கு நான் ஏசிட்டேன். பொண்டாட்டிய இப்படிப் போட்டு வச்சிருக்கியேன்னு" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் மூவரும் கிளம்பினோம். ஜீப்பில் குமுளி, அங்கிருந்து பஸ். வளைவு வளைவாக மலையிறங்கும்போது பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "உங்க ஊர்ப் பேச்சுல எமன் வந்தாக்கூட வாங்க, உக்காருங்கன்னுதான் சொல்லுவீங்க போலுக்கு." நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவள் கை மட்டும் ஈரமாக இருந்தது. கம்பத்தில் பஸ் வெகுநேரம் நின்றது. எதிரே ஓர் அம்மன் கோவில். கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனாள். வந்தபோது நெற்றி நிறைய விபூதி.

மறுநாள் மதுரை ஆஸ்பத்திரியில் படமெடுக்கும் அறை. இப்போது உங்களிடம் இருப்பது போன்ற மெஷின் இல்லை அது. சாதாரண எக்ஸ்ரே மெஷினையே மார்பைப் படமெடுக்கத் தோதாக மாற்றி வைத்திருந்தார்கள். எடுப்பவர் ஆண். வயதான, ஒல்லியான மனிதர். அவர் பெயரை நான் கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை. ஆணைப் பார்த்ததும் பேச்சியம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அவர் அவளிடம் பேசவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். "சிஸ்டர், நீங்க நிக்க வையுங்க. எங்க வைக்கணும், எப்படித் திருப்பணும்னு நான் இங்கருந்தே சொல்றேன்" என்றார்.

நான் நிற்க வைத்தேன். மார்பை அழுத்திப் பிடிக்கும் மேல் பலகை இறங்குவதைப் பார்த்து அவள் நடுங்க ஆரம்பித்தாள். "வலிக்குமா?" என்று கேட்டாள். "வலிக்காதுங்க்கா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் திரும்பாமலே சொன்னார்.

"வலிக்கும்மா. கொஞ்ச நேரம் அழுத்தும். ஒருக்கா மூச்ச இழுத்துப் பிடிச்சு விடறதுக்குள்ள முடிஞ்சிரும். தாங்க முடியலன்னா நிறுத்துன்னு சொல்லுங்க, நிறுத்திருவேன்."

அவள் நிறுத்தச் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்ததும் அவர் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். "வலிக்காதுன்னு சொல்லி வலிச்சிருச்சுன்னா, அதுக்கப்புறம் நீங்க சொல்ற எதையும் அவங்க நம்ப மாட்டாங்க சிஸ்டர். இனிமேதான் நிறைய சொல்ல வேண்டியிருக்கும்." இத்தனை வருஷத்தில் இதைவிட நல்ல பாடத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

படங்கள் வந்தன. சர்ஜன் அம்மா விளக்குப் பெட்டியில் மாட்டினார். எனக்குப் படத்தைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தெரிந்தது, வெள்ளைப் புள்ளிகள். கல்லுப்பைப் பொடித்துத் தூவியது மாதிரி மார்பெங்கும் புள்ளிகள். சர்ஜன் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "இந்த மாதிரிப் பொடிப் புள்ளி கெட்ட கட்டியில வரும் சிஸ்டர். ஆனா இவ்வளவு இடத்துலயா?" என்றார். பேச்சியம்மாள் கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் இருந்தாள்.

அவர் இன்னொரு கோணத்தில் எடுத்த படத்தை மாட்டினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். விரலைப் படத்தின் மேல் வைத்து இழுத்தார். "வரிசையா இருக்கே. மூணு வரிசை." என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவங்க மார்ல என்ன பூசியிருக்காங்க?"

நான் வெளியே ஓடினேன். "அக்கா, மார்ல ஏதாச்சும் பூசுனீங்களா?"

அவள் கை முந்தானைக்குள் போய் அந்த இடத்தை மூடிக்கொண்டது.

"விபூதிங்களா?"

"கம்பத்துல அம்மன்ட்ட சொல்லிட்டு வாங்குனது. காலையில கக்கூஸுக்குள்ள போயிப் பூசுனேன். அழிக்கச் சொல்லாதீங்க சிஸ்டரம்மா. அத அழிச்சா என்ன ஆரு காப்பாத்துவா?"

சாம்பலும் பவுடரும் படத்தில் நோயின் புள்ளிகளைப் போலவே விழும் என்பதை நீங்கள் பாடத்தில் படித்தீர்கள். நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் அவளிடம் அதைச் சொல்லி என்ன பயன்? அவளைப் பொறுத்தவரை, கிடைத்த ஒரே துணையைத் துடைத்துப் போடச் சொல்கிறோம். கோபப்பட நேரமில்லை, சிரிக்கவும் கூடாது. சர்ஜன் அம்மா உள்ளே காத்துக்கொண்டிருந்தார்.

"முந்தானையில மிச்சம் முடிஞ்சு வச்சிருக்கீங்களா அக்கா?"

"இருக்கு."

"அத நெத்தியிலயும் கழுத்துலயும் பூசிக்கலாமுங்க. அம்மன் உங்க கூடத்தான் உள்ள வரும். படம் எடுக்கற எடத்த மட்டும் நாம தொடச்சுக்கலாம். விபூதி மேல இருந்தா உள்ள என்ன இருக்குதுன்னு டாக்டருக்குத் தெரியாதுங்க."

அவள் முடிச்சை அவிழ்த்து நெற்றியில் பூசிக்கொண்டாள். என் நெற்றியிலும் பூசினாள். ஈரத்துணியால் மார்பைத் துடைத்துவிட்டேன். அந்த வயதான மனிதர் ஒரு வார்த்தை கேட்காமல் மறுபடி முதுகைத் திருப்பி நின்றுகொண்டார்.

மறுபடி எடுத்த படத்தில் புள்ளிகள் இல்லை. சுத்தமாக இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில், திறந்திருந்த கதவு வழியாகப் பேச்சியம்மாளைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அவள் முகமும் மலர்ந்தது. அப்போது சர்ஜன் அம்மா பேனாவால் ஓர் இடத்தைத் தொட்டார். புள்ளிகள் போனதும், அவற்றுக்குப் பின்னால் இருந்தது தெளிவாகத் தெரிந்தது. சின்ன வெள்ளை உருண்டை. ஓரமெல்லாம் நெருஞ்சி முள் மாதிரி சிலிர்த்திருந்தது.

"இது விபூதி இல்ல சிஸ்டர்" என்றார்.

கதவுக்கு வெளியே அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். கொடுத்த சிரிப்பை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியாமல் நின்றேன். படம் முழுவதையும் டாக்டர்கள் படித்து முடிக்கும்வரை உங்கள் முகத்தில் எதுவும் இருக்கக் கூடாது. நல்லதும் கூடாது.

சர்ஜன் அம்மா அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து விளக்கினார். படத்தை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது, கட்டியை எடுத்துச் சோதிக்க வேண்டும். அந்தக் காலத்து வழக்கப்படி மயக்கம் கொடுத்துக் கட்டியை எடுப்பார்கள். நோயாளி மேசையில் இருக்கும்போதே சோதித்துப் பார்ப்பார்கள். கெட்டது என்று தெரிந்தால் அப்போதே மார்பையும் எடுத்துவிடுவார்கள். அதற்கு முன்கூட்டியே கைநாட்டு வைக்க வேண்டும்.

"அப்போ எந்திரிக்கும்போது இருக்குமா இருக்காதான்னு எனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

"தெரியாதும்மா."

"கட்டிய மட்டும் எடுங்க. என்னன்னு எங்காதுல சொல்லுங்க. பொறவு நான் சொல்லுதேன்."

சர்ஜன் அம்மா என்னைத் தனியே அழைத்தார். "மலையிலேர்ந்து வர்றவங்க ஒருதரம் போனா திரும்பி வர்றதில்ல. புண்ணா வெடிச்ச பிறகுதான் தூக்கிட்டு வர்றாங்க. நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன் தெரியுமா? நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இவள் ஓடிவிட்டால் அந்தப் பழி என்னுடையது. இவள் மயக்கத்திலிருந்து விழித்துத் தடவிப் பார்த்து அலறினால் அதுவும் என்னுடையது. அன்னக்கிளியைப் பார்த்துவிட்டு வந்த எந்தப் பெண்ணும் அந்த அலறலைக் கேட்ட பிறகு மலையிறங்க மாட்டாள்.

"அவங்க முழிச்சிருக்கும்போதே முடிவு சொல்லட்டுங்க டாக்டர். முடிவு வர்ற வரைக்கும் வார்டுலயே இருக்கட்டும். நானும் இங்கயே இருந்துக்கறேன்."

அவர் ஒப்புக்கொண்டார். என் வருஷ லீவை அதற்கே எழுதிக் கொடுத்தேன். உடன் படித்த தோழி அங்கே நர்ஸ் ஹாஸ்டலில் இருந்ததால் தங்க இடம் கிடைத்தது. மகள் தனியாக இருக்கிறாள் என்று சுடலைமுத்து மலைக்குத் திரும்பினார்.

கட்டியை எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆனது. கெட்ட கட்டிதான். சர்ஜன் அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார். ஆபரேஷன் எப்படி நடக்கும், எத்தனை நாள் இருக்க வேண்டும், கையை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். பேச்சியம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வந்த சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். நல்ல தைரியசாலி என்றார்கள் வார்டில்.

மறுநாள் காலையில் நான் போனபோது கட்டில் காலியாக இருந்தது. போர்வை மடித்து வைத்திருந்தது. துணிப்பையைக் காணோம்.

ஆஸ்பத்திரி முழுக்கத் தேடிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். வழியில் எனக்கு வந்த நினைப்புகளை உங்களிடம் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கிணறு, தண்டவாளம், எல்லாம் வந்தது. கம்பம் பஸ் கிளம்பி நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் அவள். கண்டக்டரிடம் கத்தி ஏறிக்கொண்டேன்.

அவள் என்னைப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இறங்குங்கள் என்று சொல்லவில்லை. சொல்ல வாய் துடித்தது. பஸ் போகப் போக ஆஸ்பத்திரி பின்னால் போய்க்கொண்டே இருந்தது. நோயைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஏற்கெனவே அவளிடம் சொல்லியாகிவிட்டது. சர்ஜன் அம்மாவும் சொல்லிவிட்டார். இனி நான் சொல்ல என்ன இருக்கிறது? ஊரைத் தாண்டி, காடு கரை வந்த பிறகுதான் எனக்கு ஒன்று தோன்றியது. இதுவரை அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

"அக்கா, எதுக்குங்க பயமா இருக்குது?"

அவள் உடனே பதில் சொன்னாள். அந்தக் கேள்விக்கே காத்திருந்தவள் மாதிரி.

"அந்த நாத்தம் சிஸ்டரம்மா. நான் சாவுக்குப் பயப்படல. மாரு போனாலும் போவுது, பிள்ள பால் குடிச்சு முடிச்சாச்சு. அந்த நாத்தம் எம்மேல வந்துரக்கூடாது. கஞ்சி கொண்டுபோவும்போது மூச்சப் பிடிச்சுக்கிட்டுப் போவேன். அது அவளுக்குத் தெரியும். தெரிஞ்சு அவ மூஞ்சியத் திருப்பிக்கிடுவா. எம்மவ எங்கிட்ட மூச்சப் பிடிச்சுக்கிட்டு வரக்கூடாது."

"ஆபரேஷன் பண்ணுனா நாத்தம் வருமுன்னு யாருங்க சொன்னாங்க?"

"ஆரு சொல்லணும்? அவளுக்குக் கட்டியாத்தான இருந்துச்சு. நாட்டுப் பண்டுவம் பாக்கவன் ஒருத்தன் வந்து கத்தி வச்சுக் கீறுனான். கீறுன பொறவுதான் புண்ணாச்சு. நாறுச்சு. எனக்கு முழுசாக் கத்தி வைக்கப் போறாங்கன்னு அந்த டாக்டரம்மா சொல்லுதாங்க."

இது எங்கள் யாருக்கும் தெரியாது. அன்னக்கிளியின் புருஷன் எங்களிடம் சொல்லவே இல்லை. கத்தி வைத்தால் நாறும். அவள் கண்ணால் பார்த்தது அது. நாங்கள் ஆபரேஷனை எவ்வளவு நன்றாக விளக்கினோமோ அவ்வளவுக்கு அவள் பயம் பெருகியிருக்கிறது.

"அக்கா, என்னப் பாருங்க. கட்டிய உள்ள விட்டா அது தோல உடைச்சுட்டு வெளிய வரும். அப்பத்தான் நாத்தம். அவன் பாதியக் கீறி மீதிய உள்ளயே விட்டுப்போட்டான். அந்த நாத்தம் வரக்கூடாதுன்னுதானுங்க டாக்டரம்மா முழுசா எடுக்கறேங்கறாங்க. எடுத்துத் தச்சு, அது ஆறிப்போகும். போன வாரம் கட்டி எடுத்த எடத்தப் பாருங்க. நாறுதுங்களா?"

அவள் கை தன்னையறியாமல் அங்கே போனது. குனிந்து, முந்தானைக்குள் முகத்தை விட்டு மோந்து பார்த்தாள். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் அவரை முறைத்தேன்.

"டெட்டால் வாடதான் வருது" என்றாள்.

"ஆமாங்க."

"உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா சிஸ்டரம்மா?"

உயிருக்கு உத்தரவாதமா என்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் கிடையாது. அவள் அதைக் கேட்கவில்லை. "அந்த நாத்தத்தப் பத்தி நிச்சயமாத் தெரியுமுங்க. மத்தது எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது" என்றேன்.

உசிலம்பட்டியில் பஸ் நின்றது. அவள் பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினாள்.

திரும்பி வந்து வார்டு வாசலில் சர்ஜன் அம்மாவின் எதிரே போய் நின்றோம். திட்டு விழும் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். அன்று சாயங்காலம் பேச்சியம்மாள் கைநாட்டு வைத்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கை வீங்கியது, தூக்க முடியாமல் பல மாதம் சிரமப்பட்டாள். மேட்டுத் தேயிலைக் காட்டுக்கு அனுப்பாமல் பக்கத்துக் காட்டிலேயே அவளுக்கு வேலை கொடுக்கும்படி டாக்டர் எழுதிக் கொடுத்தார். மகளுக்குக் கல்யாணம் ஆனது. அவள் பயந்த மாதிரி அது தடைபடவில்லை. ஆனால் லேசாகவும் நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இருமுறை என்னைத் தேடி வந்து விசாரித்துவிட்டுத்தான் போனார்கள்.

பிறகு ஒரு மழைக்காலத்தில், கொழுந்து கிள்ளும் இளம்பெண் ஒருத்தி மார்பில் கட்டியோடு என் அறையில் உட்கார்ந்து அழுதாள். மதுரைக்கு வரவே மாட்டேன் என்றாள். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. பேச்சியம்மாளுக்கு ஆளனுப்பினேன். கூடையை வெளியே இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தவள் கதவைச் சாத்தினாள். ரவிக்கையை அவிழ்த்தாள்.

"தொட்டுப் பாருட்டி. பயப்படாத, தொடு."

அந்தப் பெண்ணின் விரல் தழும்பின் மேல் மெல்ல நகர்ந்தது. மறுநாளே மதுரைக்குப் புறப்பட்டாள். அவளுக்கு வந்தது வெறும் கொழுப்புக் கட்டி. ஆனால் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அன்று மெஷின் முன்னால் பேச்சியம்மாள் நடுங்கிய அதே நடுக்கத்தைத்தான் அவளும் நடுங்கினாள். கட்டி எப்படிப்பட்டது என்பது பயத்துக்குத் தெரியாது. உங்கள் வண்டிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் இருக்காது. மறுபடி படமெடுக்க வேண்டும் என்று கூப்பிட்டு விடுகிறீர்களே, அவர்களிலும் பலருக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த அழைப்புக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே அவர்கள் தூங்க மாட்டார்கள்.

ஆகவே நீங்கள் சொல்வதையெல்லாம் சொல்லுங்கள். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் வந்தால் வலி குறைவு என்று சொல்லுங்கள். மேல்சட்டையை மட்டும் கழற்றுகிற மாதிரி உடுத்தி வரச் சொல்லுங்கள். கர்ப்பமா, பால் கொடுக்கிறாளா, பழைய படம் வைத்திருக்கிறாளா என்று கேளுங்கள். படம் சுத்தமாக இருந்தாலும் கையில் கட்டி தட்டுப்பட்டால் அப்படியே விட்டுவிடக் கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள். பவுடர், விபூதி, சந்தனம் எதையும் பூச வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் பூசிக்கொண்டு வந்தால் கோபிக்காமல் துடைத்துவிடுங்கள். துடைக்கும்போது எதற்குப் பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

பேச்சியம்மாள் நான் ஓய்வு பெறும் வரை வருஷம் தவறாமல் என்னிடம் வந்தாள். மிச்சமிருந்த பக்கத்தைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொள்வாள். நான் அக்குளிலிருந்து ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்ப்பேன். அவள் கூரையைப் பார்க்க மாட்டாள். கண்ணை மூடிக்கொள்ளவும் மாட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசிச் சுற்று முடிந்து "ஒண்ணுமில்லீங்க்கா" என்று சொல்லும்போதுதான், இவ்வளவு நேரமும் நான் மூச்சு விடாமல் இருந்தது எனக்கே தெரியும்.